யார் நல்லா வாசிச்சது?

நான் ஒருநாளும் கிட்டார் வாசித்ததில்லை. தூசி தட்டியிருக்கிறேன், இடம் மாற்றி வைத்திருக்கிறேன், ஒருமுறை கூரை ஒழுகியபோது என் போர்வையை எடுத்துப் போட்டு மூடியிருக்கிறேன். எனக்கும் அதற்கும் உள்ள உறவு அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் 'பொறாமை' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. எனக்குப் பொறாமைப்படத் தெரியாது என்று சொல்ல வரவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரி பால்கனியில் வெயில் விழுகிறது என்று நாலு வருஷம் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் தொடவே தெரியாத ஒரு விஷயத்தில் யாரும் பொறாமைப்பட மாட்டார்கள்.

விசாரணைக் குழு கேட்டபடி எல்லாவற்றையும் என் கைப்பட எழுதுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். அதிலும் கைக்கு மட்டும் தனியாகப் படித்தவள். பத்தொன்பது வருஷமாக ஒரே ஆஸ்பத்திரி, ஒரே இரண்டாவது மாடி, ஒரே ஜன்னல். தையல்காரர், இறைச்சி வெட்டுகிறவர், பஸ் டிரைவர், பல் டாக்டர் என்று எல்லாருடைய கையும் என் மேஜைமேல் வந்து படுத்திருக்கிறது. விரல் மடங்காமல் வந்தவர்கள் மடக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இது வரைக்கும் ஒரு புகார் கிடையாது. என் பதிவேட்டைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

எங்கள் வீட்டில் இரண்டு கிட்டார்கள். முன்னறையில் என் கணவர், ராக் வாசிப்பவர். பின்னறையில் என் தம்பி, ஜாஸ் வாசிப்பவன். வாடகை வீடு கிடைக்கும்வரை இரண்டு வாரம் தங்கிக்கொள்கிறேன் என்று வந்தான். பதினோரு வருஷம் ஆகிறது, இன்னும் வீடு கிடைக்கவில்லை. இரண்டு அறைகளுக்கும் நடுவில் சமையலறை. சமையலறையில் நான். அடுப்புப் பக்கத்துச் சுவரில் காதை வைத்தால் கணவர் வாசிப்பது கேட்கும், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துச் சுவரில் வைத்தால் தம்பி வாசிப்பது கேட்கும். காதை வைக்காவிட்டாலும் கேட்கும்.

நீங்கள் இசை தெரிந்தவர்களா என்று எனக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. ராக் பெரிதா ஜாஸ் பெரிதா என்று சண்டை போடுகிறவர்கள் எல்லாரும் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். நான் பதினோரு வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவள். கைகளை அளக்கத் தெரிந்தவள். என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

என் கணவர் ஒரு பகுதியை வாசிக்கும் முன்பே அது அவருக்குள் முழுசாக இருக்கும். நூறு முறை வாசித்தாலும் நூறும் ஒன்று போலவே இருக்கும். ஒரு நொடிக்குப் பதினைந்து சுரம்வரை போவார், ஒன்றுகூட ஒன்றோடு ஒட்டாது, பயறு கொட்டுகிற மாதிரி தனித்தனியாக விழும். அந்த வேகமெல்லாம் வலது மணிக்கட்டில் இருக்கிறது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்திருக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டு, பிக் என்பார்கள், அது கம்பியைத் தொடும் கோணத்தில் இருக்கிறது. கடைசியில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்துவார். அது எட்டுத் தாளம் நின்று அழும். கூட்டம் எழுந்து நிற்பது அந்த இடத்தில்தான். தம்பிக்கு அது வராது. வராது என்று அவனுக்கும் தெரியும்.

தம்பி ஒரே பாட்டை இரண்டாவது முறை அதே மாதிரி வாசித்து நான் கேட்டதில்லை. அவன் பாட்டுகளில் நாலு தாளத்துக்குள் மூன்று முறை அடியில் ஒலிக்கும் சுரக்கூட்டமே தரை நகர்கிற மாதிரி மாறும், அவனும் கூடவே மாறிக்கொண்டு போவான். அவனுடைய இடது கைச் சுண்டுவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நான் அளந்தபோது என் ஸ்கேல் போதவில்லை. அந்த நாலு விரலும் நாலு தனி ஆட்கள். அவன் தப்பான சுரத்தைத் தொட்டுவிட்டால் நிற்க மாட்டான். அடுத்ததாக ஒன்றை வாசிப்பான், அதைக் கேட்டதும் முதல் சுரம் தப்பே இல்லை என்று தோன்றும். கணவர் தப்பு செய்தால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். தப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஆகவே ஒருவருக்குத் திறமை வலது கையில், ஒருவனுக்கு இடது கையில். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருஷம் ஆனது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நான் செய்தது புரியும்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை எப்போது ஆரம்பித்தது என்று சரியாக நினைவில்லை. தம்பி வந்த முதல் மாதமாக இருக்கலாம். காலைச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் ஒரே பாட்டை ஒருவர் பின் ஒருவராக வாசிப்பார்கள். நான் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். யார் முதலில், யார் பிறகு என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். சொல்லவே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஆனாலும் அதுதான் சட்டம். முடிந்ததும் இருவரும் சமையலறை வாசலில் வந்து நிற்பார்கள்.

"யார் நல்லா வாசிச்சது?"

கணவர் என்று சொன்னால் தம்பி தட்டைக் கழுவாமல் போட்டுவிட்டு நண்பன் வீட்டுக்குப் போய்விடுவான், செவ்வாய்க்கிழமைதான் திரும்புவான். தம்பி என்று சொன்னால் கணவர் புதன்கிழமை வரைக்கும் என்னிடம் பேச மாட்டார். பேசுவதென்றாலும் சுவரைப் பார்த்துப் பேசுவார். ஒருமுறை, "ரெண்டு பேருமே நல்லாத்தான் வாசிச்சீங்க" என்று மழுப்பிப் பார்த்தேன். அன்றைக்கு மட்டும் இருவரும் ஒரு கட்சியாகிவிட்டார்கள்.

"உனக்குக் காதே இல்ல," என்றார் கணவர்.

"அக்காவுக்கு நாம என்ன வாசிச்சாலும் குக்கர் விசில் மாதிரிதான் மாமா," என்றான் தம்பி.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அழுதால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பதினோரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். என் தோழி கடற்கரை ஊருக்கு வீடு மாற்றிப் போனாள், வா வா என்று கூப்பிட்டாள். ஒரு ஞாயிறுகூடப் போக முடியவில்லை. ஒருமுறை நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். கட்டிலில் கிடந்தேன். இருவரும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டேன், தீர்ப்பும் சொன்னேன். எனக்கு அந்த வீட்டில் மூச்சு முட்டியது. இதை யாரிடமும் சொன்னதில்லை, முதல்முறையாக உங்களுக்கு எழுதுகிறேன். சமையலறைக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

போன வருஷம் ஒரு இசைக்குழுத் தலைவி ஆள் தேடினார். இரண்டு வருஷம் ஊர் ஊராகப் போய் வாசிக்கிற குழு. ஒரே ஒரு கிட்டார்காரர் வேண்டும். இருவருக்கும் அழைப்பு வந்தது. ஒரு மாதம் எங்கள் வீட்டில் உப்புப் போட்டதா இல்லையா என்றுகூட யாரும் கேட்கவில்லை, அப்படி ஒரு அமைதி. தேர்வு நாளன்று நானும் கூடவே போனேன். போகாமல் இருக்க முடியுமா?

அந்த அம்மாவுக்கு நரைத்த குட்டை முடி, காலில் கேன்வாஸ் ஷூ. இருவரையும் தலா கால் மணி நேரம் கேட்டார். பிறகு இருவரையும் சேர்ந்து வாசிக்கச் சொன்னார். அவர்கள் அதுவரை சேர்ந்து வாசித்ததே இல்லை, உங்களால் நம்ப முடிகிறதா? நானே அப்போதுதான் அதை உணர்ந்தேன். கணவர் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினார். அதன் அடியில் தம்பி தரையை மாற்றிக்கொண்டே போனான். அந்த ஒரு சுரம் ஐந்து வேறு வேறு அழுகையாக மாறியது. நன்றாக இருந்தது. எனக்குக் காது இருக்கிறது, அது நன்றாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"ரெண்டு பேரையும் எடுத்துக்கறேன்," என்றார் அந்த அம்மா. "இவர் பெருசா அவர் பெருசான்னு எதுக்கு பார்க்கணும்? இவருக்கு வலது கை, அவருக்கு இடது கை. பக்கத்துல பக்கத்துல உட்கார வெச்சா போதும்."

நான் பதினோரு வருஷத்தில் கண்டுபிடித்ததை அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் அடுப்பைப் பார்த்து நின்றேன். இருவரும் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சேர்ந்து வாசித்தார்கள். நடுநடுவே சிரிப்புச் சத்தம். என் கணவர் அப்படிச் சிரிப்பார் என்றே எனக்குத் தெரியாது. பால் பொங்கி வழிந்ததை நான் பார்க்கவில்லை, வாசலைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். மதியம் இருவரும் பசியோடு வெளியே வந்தார்கள்.

"சாப்பாடு ரெடியா?"

அவ்வளவுதான். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு நானே கேட்டேன்.

"இன்னிக்கு யார் நல்லா வாசிச்சதுன்னு கேக்கவே இல்லையே?"

"விடு அக்கா," என்றான் தம்பி, வாயில் சோற்றோடு. "அதெல்லாம் சின்னப்புள்ளத்தனம். இத்தனை வருஷம் உன்னைப் போட்டு வதைச்சிருக்கோம்."

"பாவம், அவளுக்கு என்ன தெரியும் இதுல," என்றார் கணவர். அன்பாகத்தான் சொன்னார். என் தட்டில் இன்னொரு கரண்டி சோறும் வைத்தார்.

நான் விடுதலையாகிவிட்டேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். இரண்டு வருஷம் வீடு காலி. எந்த ஞாயிறும் எங்கேயும் போகலாம். ஆனால் அந்த வாரம் முழுதும் சமையலறையில் நிற்கும்போது சுவர்கள் இன்னும் கிட்டே வந்த மாதிரிதான் இருந்தது. தீர்ப்புக் கேட்க யாருமில்லாத ஒருத்தி அங்கே என்ன செய்வாள்?

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

கை வலியை நான் உண்டாக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். புறப்பட இரண்டரை மாதம் இருக்கும்போது ஒருநாளைக்குப் பத்து மணி நேரம் வாசித்தார்கள். முதலில் தம்பிக்கு இடது கை வீங்கியது. பத்து நாளில் கணவருக்கு வலது கை. வேறு எங்கே போவார்கள்? வீட்டிலேயே ஆள் இருக்கிறாளே. இருவருக்கும் பத்து நாள் ஓய்வு போதும், கொஞ்சம் ஐஸ், கொஞ்சம் பயிற்சி. நான் அதைச் செய்யவில்லை. இருவரையும் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி, கையை அசையாமல் பிடித்துவைக்கும் ஸ்பிளின்ட் செய்து போட்டேன்.

அது ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு. வெந்நீரில் போட்டால் துணி மாதிரி தொய்ந்துவிடும். எடுத்துக் கையின் மேல் போர்த்தி, வேண்டிய வடிவத்தில் பிடித்துக்கொண்டால் மூன்று நிமிஷத்தில் இறுகிவிடும். அந்த மூன்று நிமிஷம்தான் என் தொழில். விரல் முட்டிகள் நன்றாக மடங்கியிருக்க வேண்டும், பெருவிரல் விலகி நிற்க வேண்டும், ஒரு டம்ளரைப் பிடிக்கப் போகிற மாதிரி. அப்படி வைத்தால் எத்தனை நாள் கட்டிவைத்தாலும் கை திரும்பி வந்துவிடும். தட்டையாக நீட்டி, பெருவிரலை உள்ளங்கையோடு ஒட்டி வைத்தால், மூட்டின் இரண்டு பக்கத்து நார்களும் அந்தப்படியே சுருங்கிவிடும். பிறகு மடங்காது. படிப்பில் முதல் வருஷத்திலேயே இதைச் சொல்லித்தருவார்கள்.

நான் தட்டையாகப் பிடித்தேன். தம்பிக்கு இடது கை, கணவருக்கு வலது கை. தலா மூன்று நிமிஷம்.

அப்போது என் கை நடுங்கியதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நடுங்கினால் தகட்டில் சுருக்கம் விழும், அது தோலை உறுத்தும். அவர்களுக்கு உறுத்தக்கூடாது என்று ஓரங்களைக்கூடத் தேய்த்து வழவழப்பாக்கினேன். குளிக்கும்போதும் கழற்றக்கூடாது என்று சொன்னேன். பாலிதீன் பையைக் கட்டிவிட்டு நானே குளிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். கணவருக்கு ஊட்டிவிட்டேன். முதல் வாரத்தில் இருவரும் என்னைத் தாங்கு தாங்கு என்று தாங்கினார்கள்.

மூன்றாவது வாரம் தம்பி என் அறையில் காத்திருந்தபோது சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரியான நிலையில் கை எப்படி இருக்க வேண்டும் என்ற படம். அதைக் கிழித்துப்போட எனக்குத் தோன்றவே இல்லை, பத்தொன்பது வருஷமாக அங்கேயே இருப்பது.

"அக்கா, இதுல விரல் மடங்கி இருக்கே. எனக்கு ஏன் நீட்டி வெச்சிருக்க?"

"அது எலும்பு முறிஞ்சவங்களுக்குடா. உனக்கு நரம்புலதான் வீக்கம்."

"அப்படியா," என்றான். வேறொன்றும் கேட்கவில்லை. அவன் ஆறு வயதிலிருந்து நான் சொன்னதை நம்பியே பழகியவன்.

கணவர் ஐந்தாவது வாரம் அவசரப்பட்டார். "இன்னும் ரெண்டு வாரம் பொறுங்க, இப்ப கழட்டினா செஞ்சது எல்லாம் வீணாப் போயிடும்," என்றேன். அது பொய் இல்லை.

ஏழாவது வாரம் கழற்றினேன். வீட்டில், பகல் வெளிச்சத்தில், முன்னறையில். தம்பி கிட்டாரை எடுத்து மடியில் வைத்து அதன் கழுத்தைப் பிடிக்கப் போனான். விரல்கள் கம்பிகளுக்கு மேலே நேராக நின்றன, மடங்கிக் கம்பிமேல் இறங்கவில்லை. அவன் சிரித்தான், முதலில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து. வலது கையால் இடது கை விரலைப் பிடித்து அழுத்தினான். கணவர் பிக்கை எடுத்தார். பெருவிரல் விலகவில்லை, பிக் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து இடது கையால் எடுத்து வலது கையில் வைத்தார். மறுபடி விழுந்தது. நாலாவது முறை அவர் குனியவில்லை.

குழு வேறு இரண்டு பேரை எடுத்துக்கொண்டு போனது. அந்த அம்மா போன் செய்து வருத்தப்பட்டார். நான்தான் பேசினேன்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் எழுதிவிடுகிறேன், உங்கள் கேள்விகளில் அது இல்லை. சோபாவில் இருவரையும் நெருக்கி உட்காரவைத்து ஒரு கிட்டாரை இரண்டு மடிகளுக்கும் குறுக்கே வைத்தேன். கணவருடைய இடது கை நன்றாக இருக்கிறது, தம்பியின் வலது கை நன்றாக இருக்கிறது. "வாசிச்சுப் பாருங்க," என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆனால் வாசித்தார்கள். நர்சரிப் பிள்ளைகள் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு சுரமாக, இவர் கம்பியை அழுத்த, அவன் தட்ட. பாதியில் தம்பியின் தோள் குலுங்கியது, அழுதான் என்று நினைக்கிறேன். முடித்துவிட்டு இருவரும் வாசலில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நல்லா இருந்துச்சு," என்றேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.

அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். உண்மையை எழுதச் சொன்னீர்கள், அதுதான் உண்மை. இரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள், சண்டை இல்லை, யார் பெரியவர் என்ற பேச்சே இல்லை.

மறுவாரம் தம்பி அந்த வெள்ளைத் தகட்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வேறொரு டாக்டரிடம் போனான். திரும்பி வந்து அதைச் சமையல் மேடையில் என் முன்னால் வைத்தான். சத்தம் போடவில்லை.

"எங்க ரெண்டு பேர்ல யாருக்காக இதைச் செஞ்ச?"

"நான் யாருக்கும் கூடக்குறைய செய்யலடா. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் செஞ்சேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரியவில்லை. நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அன்று சாயங்காலமே இருவரும் தம்பியின் அந்த நண்பன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தம்பி பெட்டியைத் தூக்க, கணவர் கதவைத் திறந்துவிட, சேர்ந்துதான் போனார்கள்.

ஆகவே நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். ஆமாம், இருவருக்கும். உரிமத்தை ரத்து செய்ய வேண்டுமென்றால் செய்யுங்கள். போலீசுக்கு அனுப்புவதென்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒன்றை மட்டும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். புகார்க் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்பியிருந்தீர்கள். தம்பியின் கையெழுத்து அடியில் தெளிவாக இருக்கிறது, அவன் கோபம் நியாயமானது, விட்டுவிடுகிறேன். ஆனால் என் கணவரின் பெயருக்கு நேரே ஒரு பெருவிரல் ரேகைதான் இருக்கிறது. அவர் பட்டம் வாங்கியவர், படிக்காதவர் மாதிரி கைநாட்டு வைக்கிறவர் இல்லை. யாரோ கட்டாயப்படுத்தித்தான் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்மேல் மனதாரப் புகார் கொடுத்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார்.